மொட்டை மரமெல்லாம் ஓக் அல்ல

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு பட்டியலைக் கையில் கொடுத்திருப்பார்கள். இடப்பக்கம் இந்த நாட்டுக் காட்டில் தானாக வளர்ந்த மரங்கள். வலப்பக்கம் கப்பலில் கொண்டுவந்து நட்டவை. இடப்பக்கத்தைக் காப்பாற்று, வலப்பக்கத்தை வெட்டு. பார்க்க வெகு சுலபமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தேநீர் நேரத்தில் யாராவது ஒருவர் உங்களைப் பார்த்து, "அப்படியென்றால் நீங்களும் வலப்பக்கம்தானே?" என்று பகிடி விடுவார். சிரித்துவிட்டுப் போங்கள், அவர் கெட்டவர் அல்ல. ஆனால் நீங்களாக அந்த ஒப்பீட்டைத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள். நம் தமிழ் ஆட்கள் மேடை கிடைத்தால் போதும், "நாங்களும் ஓக் மரங்களைப் போலத்தான் இங்கே வந்து வேரூன்றினோம்" என்று தொடங்கிவிடுகிறார்கள். கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஓக் மரத்துக்கு விசா முடிகிற தேதி கிடையாது. எனக்கு இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் மூன்று பேர் நகரத்தின் தெற்குப் புறநகரான பாபடோயிட்டோயில் ஒரு சிறிய வாடகை வீட்டில் இருந்தோம்: நான், கணவர், ஐந்து வயது மகள். எல்லர்ஸ்லியில் இருந்த ஒரு சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. முதல் மூன்று மாதம் பரீட்சார்த்தம், அதற்குப் பிறகுதான் நிரந்தரம். என் வேலை அனுமதியில் அந்த நிறுவனத்தின் பெயரே எழுதப்பட்டிருந்தது. அங்கே வேலை போனால் அனுமதியும் போகும். என் அனுமதியை நம்பித்தான் மற்ற இருவரும் இந்த நாட்டில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்த என் கணவருக்கு இங்கே வேலை செய்ய உரிமை இல்லை. அவர் சமைத்தார், மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனார், அவள் ஆங்கிலத்தில் சொல்லும் பதில்களுக்கெல்லாம் தமிழில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நாளேட்டைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தார். அவ்வளவுதான் அவருக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது.

நிறுவனம் எனக்குக் கொடுத்த முதல் தனி வேலை, தெற்கே ஓர் ஓடைப் பள்ளத்தில் இருந்த காட்டுத் துண்டு. பண்ணைக் குடும்பம் ஒன்று அதை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்திருந்தது. மேட்டில் பூரிரி, தரைரே என்ற இந்த நாட்டு மரங்கள் வளர்ந்த பழைய காடு. ஓடைக் கரையில் அந்தப் பண்ணையார்களின் முன்னோர் நட்ட ஓக் மரங்கள். வெளிநாட்டு மரங்களை அடையாளம் கண்டு, செம்மஞ்சள் நிற ஸ்ப்ரேயால் வளையம் போட்டு, வரைபடத்தில் குறித்து, கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு வெட்டும் குழு வரும். மூன்று வாரம் தந்தார்கள்.

இப்போது ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தாவரவியல் பட்டதாரி. வன்னிக் காட்டில் கணக்கெடுப்புக்குப் போனவள். பாலையையும் வீரையையும் கண்ணை மூடிக்கொண்டு பட்டையைத் தடவியே சொல்லிவிடுவேன். ஆனால் வாழ்க்கையில் ஓர் ஓக் மரத்தை நேரில் கண்டதில்லை. எங்கள் காடுகளில் ஓக் இல்லை. பாடப் புத்தகத்தில் ஓரம் வளைந்து வளைந்து வெட்டுப்பட்ட இலையின் படம் ஒன்று இருந்தது. என் மனத்தில் ஓக் என்றால் அந்த இலைதான். நான் பள்ளத்துக்குப் போனதோ ஜூலை மாதம், பூமியின் இந்தத் தெற்குப் பாதியில் மழை கொட்டுகிற குளிர்காலம். ஓக் மரத்தில் ஓர் இலைகூட இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. இந்த நாட்டுக் காட்டு மரங்கள் வருடம் முழுவதும் பச்சையாக நிற்பவை என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. இலை உதிர்ப்பதெல்லாம் வெளியிலிருந்து வந்தவை. அப்படியானால் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்பதற்கு வளையம் போடு, பச்சையாக நிற்பதை விட்டுவிடு. கோடையில் வந்திருந்தால் ஒவ்வோர் இலையாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். இப்போது தூரத்திலிருந்தே தெரிகிறது. மழையில் ரப்பர் கம்பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஐந்தே நாளில் முழுப் பள்ளத்தையும் முடித்தேன். மூன்று வார வேலை ஐந்து நாளில். என் மேலதிகாரி, குரலை ஒருநாளும் உயர்த்தாத ஒரு வெள்ளைக்காரப் பெண், என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "நன்றாகச் செய்திருக்கிறீர்கள்" என்றார். அன்று ரயிலில் வீடு திரும்பும்போது நிரந்தரக் கடிதம் கைக்கு வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

கையேடுகளில் "பெரும்பாலும்" என்று ஒரு வார்த்தை இருந்தது. நான் அதை வாசித்திருந்தேன். அவசரத்தில் இருக்கிறவர்கள் முதலில் விழுங்குவது அந்த வார்த்தையைத்தான். நீங்களும் விழுங்குவீர்கள்.

வெட்டும் குழு வேலையைத் தொடங்கிய மூன்றாம் நாள், மதியத்துக்குச் சற்று முன், அலுவலகத்துக்கு எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் அந்தக் குழுவின் தலைவர். ஃபிஜி இந்தியர். கரும்புத் தோட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் வழியில் வந்தவர். தன் பெயரை எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால் அண்ணை என்றே எழுதுகிறேன். நான் கூப்பிட்டதும் அப்படித்தான். தமிழ் தெரிந்த ஒரு மேடம் கிடைத்ததில் அவருக்கு வெகு சந்தோஷம். வீட்டில் பேசியதும் கோயிலில் கேட்டதுமாக அவரிடம் ஒரு பழைய தமிழ் இருந்தது, அதை என்னிடம் பழகிப் பார்ப்பார். பள்ளத்துக்கு அருகில் இருந்த டெய்ரிக்கு (இங்கே பெட்டிக்கடைக்கு அதுதான் பெயர்) பக்கத்துத் தொலைபேசியிலிருந்து பேசினார்.

"மேடம், கோச்சிக்காதீங்க. ஒரு மரம் சரியா வரல."

"என்ன அண்ணை, விழுத்தேக்க ஆருக்கும் அடிபட்டதோ?"

"அதெல்லாம் இல்ல. மரம் விழுந்திடிச்சி. மரந்தான் சரி இல்ல. ஓக்கு வெட்டுனா கை கறுக்கும் மேடம். ஈரத்துல செயின்சாவும் கறுக்கும். முந்தாநாள் மூணு வெட்டினோம், எல்லாருக்கும் கை மை பூசின மாதிரி. இன்னிக்கி வெட்டுனதுல கை வெள்ளையா இருக்கு."

"மழைதானே அண்ணை. கழுவுப்பட்டிருக்கும்."

"மழையில போற கறுப்பு இல்ல அது. அப்புறம் பட்டையெல்லாம் நாரு நாரா வந்து செயின்ல சுத்திக்கிச்சி. ஓக்குல நாரு ஏது? நான் பசங்கள நிறுத்தி வச்சிருக்கேன். வந்து ஒரு வாட்டி பாருங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க வேண்டியதில்லை. பட்டம் வாங்கியது நான், இவர் யார் எனக்கு மரம் சொல்லித்தர என்ற கோபம். உள்ளுக்குள் கொஞ்சம் பயமும் இருந்ததால்தான் கோபம் அவ்வளவு வேகமாக வந்தது என்று இப்போது தெரிகிறது. உங்களுக்குத் தொலைபேசியில் ஒருவர் மேல் காரணமில்லாமல் கோபம் வந்தால், உடனே அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். மதிய உணவை எடுக்காமல் ரயில் ஏறினேன்.

விழுந்து கிடந்த மரத்தைப் பார்த்த கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அடிமரத்தின் வெட்டு முகம் வெள்ளையாக இருந்தது. அண்ணை கத்தியால் பட்டையில் ஒரு கீறல் போட்டு இழுத்தார். உள்பட்டை ஓட்டை ஓட்டையாக, பின்னிய பட்டித் துணிபோல நீளமாக உரிந்து வந்தது. ரிப்பன்வுட். இந்த நாட்டின் சொந்த மரம். இந்த நாட்டில் குளிர்காலத்தில் இலை உதிர்க்கிற சொந்த மரங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவற்றில் உயரமானது இது. ஓடைக் கரைகளில் ஒரு காலத்தில் நிறைய நின்றது. பண்ணைகள் வந்தபோது அந்தக் கரைகள் போயின, மரமும் போனது. அந்தப் பள்ளத்தில் பன்னிரண்டு மிஞ்சியிருந்தன. பன்னிரண்டுக்கும் நான் என் கையாலேயே செம்மஞ்சள் வளையம் போட்டிருந்தேன்.

ஒன்று கிடந்தது. பதினொன்று நின்றன.

அண்ணை குழுவை டெய்ரிக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, ஒங்களுக்கு இந்த வேலை விசாவுக்குன்னு எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் வந்தேன். வண்டியில கம்பி பிரஷ் இருக்கு. பதினோரு மரத்துக்கும் பெயிண்ட்ட தேச்சி எடுத்திடறேன். ஒரு மணி நேர வேலை. விழுந்தது விழுந்திடிச்சி, துண்டு போட்டு ஓக்கோட சேத்துடலாம். யாரு பாக்கப்போறா?"

மேடத்திலிருந்து தங்கச்சிக்கு அவர் அந்த நிமிடத்தில்தான் மாறினார். அவர் என்னைக் கெடுக்க அதைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றச் சொன்னார். இந்தத் தொழிலில் உங்களைத் தவறான பக்கம் இழுப்பவர்கள் வில்லன்களாக வரமாட்டார்கள். உங்கள் மேல் அன்பு வைத்தவர்கள்தான் கம்பி பிரஷோடு வருவார்கள்.

நான் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். விழாத மரங்கள் காப்பாற்றப்படும், வேலை தங்கும், பிள்ளை பள்ளிக்குப் போவாள். யாருக்கு நட்டம்? ஆனால் சொல்வதற்கு முன் மற்ற வளையங்களையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. எங்கே ஒன்று பிழையாகிப் போனதோ அங்கே இன்னொன்றும் இருக்கும் என்ற பயம். "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுச் சரிவில் ஏறினேன்.

மொட்டை மரங்களில் மற்றவையெல்லாம் ஓக்தான், அடியில் உதிர்ந்து கிடந்த அந்தப் படத்து இலைகளே சொல்லின. சரியாகவே போட்டிருந்தேன். மூச்சு வந்தது. இறங்கி வரும்போது வழுக்கியது. விழாமல் இருக்க ஒரு பச்சை மரத்தின் தாழ்ந்த கிளையைப் பிடித்தேன். தடித்த, கரும்பச்சை இலைகள், அடிப்புறம் சாம்பல் நிறம். ஐந்து நாளும் அதைக் கடந்து போயிருக்கிறேன். பச்சையாக நின்றதால் நின்று பார்க்கவில்லை. இப்போது கிளையைப் பிடித்தபடி குனிந்தால், காலடியில் ஓக் கொட்டைகளின் சிறிய கிண்ணங்கள். அவற்றுக்கு நடுவே முழங்கால் உயரத்தில், கணுக்கால் உயரத்தில், விரல் உயரத்தில், அதே இலையோடு கன்றுகள். தரைரே மரங்களின் அடர்ந்த நிழலுக்குள்ளேயே சரிவு முழுக்க முளைத்துக் கிடந்தன.

இலை உதிர்க்காத ஓக்கும் உண்டு. எனக்குத் தெரியாது. நான் ஓக் என்றால் மொட்டை, மொட்டை என்றால் ஓக் என்று நினைத்திருந்தேன்.

இந்த இரண்டு ஓக்குக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கொஞ்சம் சொல்ல விடுங்கள், தொழில் விளக்கம் இதோடு சரி. கரையில் நின்ற இலை உதிர்க்கும் ஓக் சாது மரம் அல்ல. அதன் கொட்டையைத் தின்று எலியும் பொசம் என்ற மரமேறி விலங்கும் கொழுக்கும், பிறகு அவை பறவைக் கூட்டுக்கு ஏறும். நம் காட்டு மரங்கள் வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் இலை போடும், ஓடைப் பூச்சிகள் அப்படியே உண்டு பழகியவை. ஓக் இரண்டு மூன்று வாரத்தில் அத்தனையையும் கொட்டிவிட்டுக் கையை விரித்துவிடும். ஆனாலும் அதன் கன்று இருட்டில் எழும்பாது, பழைய காட்டுக்குள் அது போகாது. குளிர்காலத்தில் அது மொட்டையாக நிற்கும்போது அடியில் இருக்கும் நம் கன்றுகளுக்கு வெளிச்சமும் கிடைக்கும். பச்சை ஓக் அப்படியில்லை. வருடம் முழுவதும் நிழல் போடும், அந்த நிழலிலேயே தன் பிள்ளைகளையும் வளர்க்கும். நின்றிருக்கட்டும் என்று விட்டால் மெதுவாகக் காட்டையே எடுத்துக்கொள்ளும்.

நான் வெட்டச் சொன்னது கெடுதி குறைந்ததையும் சொந்தத்தையும். விடச் சொன்னது இதை. என் வரைபடத்தில் இந்தப் பச்சை மரங்களுக்கு நேரே "சொந்த மரம், பாதுகாக்க" என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன். கம்பி பிரஷால் ரிப்பன்வுட்டின் வளையத்தை அழிக்கலாம். அறிக்கையில் இருப்பதை அழிக்க முடியாது. காலடியில் முளைத்து நின்ற அத்தனையும் என் கையெழுத்தின் நிழலில் நின்றன. அந்தச் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று கேட்டால், ஆம், அழுதேன்.

அண்ணை மேலே ஏறி வந்து பார்த்தார். கன்றுகளையும் பார்த்தார்.

"அண்ணை, வேலையை நிப்பாட்டுங்கோ. நான் போய்ச் சொல்லப்போறன்."

"விசா?"

"தெரியேல்லை."

அவர் சட்டைப் பையிலிருந்து வேலைக் குறிப்பேட்டை எடுத்தார். "ஆமா. சரி. இன்னிக்கி செயின்சா ரிப்பேர்னு எழுதிக்கிறேன். நாளைக்கு காலையில ஏழு மணிக்கு மேல அந்தப் பொய் நிக்காது. அதுக்குள்ள பேசிடுங்க" என்றார்.

ஐந்து மணிக்கு முன் எல்லர்ஸ்லிக்குத் திரும்பினேன். சேறு படிந்த கம்பூட்ஸோடு அலுவலகத்துத் தரைவிரிப்பில் நடந்தேன், கழற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மேலதிகாரியின் அறைக்குள் போய், நின்றபடியே, பேசப் பேச என் ஆங்கிலம் குழற, எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதையும் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எத்தனை நிற்கின்றன?"

"பதினொன்று."

"ரம்பம் ஓடுகிறதா?"

"இல்லை. நிறுத்திவிட்டார்கள்."

"யார் நிறுத்தச் சொன்னது?"

"முதலில் அவர்களின் தலைவர். பிறகு நான்."

"சரி. இப்போது உட்காருங்கள். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, வெட்டும் நிறுவனத்தின் முதலாளிக்குத் தொலைபேசியைச் சுழற்றினார்.

முப்பது வருடம் கழித்தும் நான் அந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறேன். என்னிடம் யாராவது பிழையோடு வந்தால் முதல் கேள்வி, என்ன மிச்சம் இருக்கிறது? இரண்டாவது, இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா? யார், ஏன் என்பதெல்லாம் அதற்குப் பின்னால். நம் ஆட்களுக்கு இது வருவதே இல்லை. "ஏன் செய்தாய்?" என்று தொடங்கிப் பரம்பரையை இழுத்து முடிப்பதற்குள் மிச்சமும் விழுந்துவிடும்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் கணவரிடம் சொன்னேன். பிட்டைக் குழைத்த கை அப்படியே நின்றது.

"அந்த மனுசன் அழிச்சுத் தாறன் எண்டு சொன்னவர்தானே. பிறகு நீர் ஏன் சொன்னனீர்?"

"அழிச்சாலும் மற்ற மரம் நிக்குமப்பா. அது காட்டைத் திண்டுபோடும்."

"காடு அவையின்ர. பிள்ளை எங்கட" என்றார். அதற்குப் பிறகு பதினைந்து நாள் அவர் என்னோடு உப்பு இருக்கிறதா என்று கேட்பதைத் தவிர வேறு எதுவும் கதைக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது.

அடுத்த வாரம் அறக்கட்டளைக் கூட்டம். மேலதிகாரி, "நானே பேசட்டுமா?" என்று கேட்டார். கையெழுத்து என்னுடையது, நானே பேசுகிறேன் என்றேன். ஒரு பழைய மரக் கூடத்தில் எட்டு ஒன்பது பேர் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். ரிப்பன்வுட்டில் ஒன்று போய்விட்டது, மற்றவற்றை விடுங்கள் என்றேன். மேட்டுப் பச்சை மரங்களைக் கன்றோடு எடுங்கள் என்றேன். அதுவரை பொறுத்துக் கேட்டார்கள். கரையில் நிற்கும் இலை உதிர்க்கும் ஓக்குகளை இப்போதைக்கு வெட்டாதீர்கள் என்றதும் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். ஏற்கெனவே மூன்று விழுந்த இடத்தில் வெளிச்சம் நேரே தரைக்கு வருகிறது, வசந்தம் வந்ததும் அங்கே பிரிவெட் புதரும் தரையில் படரும் களையும்தான் எழும்பும், நம் கன்றுகள் அல்ல, அடியில் நட்டு வளர்த்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக எடுங்கள் என்று விளக்கினேன்.

"அம்மணி, போன மாதம் இதற்கு நேர்மாறாக அல்லவா எழுதித் தந்தீர்கள்?"

"ஆமாம். போன மாதம் நான் பிழையாக எழுதினேன்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. கடைசியில் திருத்திய அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதில் வேறொருவர் கையெழுத்து இருக்க வேண்டும் என்றார்கள்.

அந்த மாத முடிவில் மேலதிகாரி என்னை அழைத்தார். "போன மாதத்தைவிட இப்போது உங்களை நான் அதிகம் நம்புகிறேன். ஆனால் உங்களை நிரந்தரமாக்க என்னால் முடியவில்லை. வாடிக்கையாளர் போய்விடுவார்" என்றார். நடந்ததை நடந்தபடி, என் பிழையையும் சேர்த்து, ஒரு சான்றுக் கடிதமாக எழுதித் தந்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். உண்மையைச் சொன்னால் பலன் உடனே கிடைக்கும் என்று யாராவது உங்களுக்கு வகுப்பெடுத்தால், அவர் இந்தத் துறையில் வேலை செய்தவரே அல்ல என்று முடிவுகட்டுங்கள். எனக்குக் கிடைத்தது வேலை நீக்கம். மரங்களுக்குக் கிடைத்தது வேறு. அதைச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஒன்றை மறைத்தால் அதுவும் கம்பி பிரஷ் வேலைதான்.

அந்தச் சான்றுக் கடிதத்தை வாசித்துவிட்டு எனக்கு வேலை தந்தது ஒரே ஒரு இடம். அண்ணையின் முதலாளி. "தப்பை எழுத்துல ஒத்துக்கிட்ட ஆளு நம்ப கிட்ட ஒருத்தர்கூட இல்ல, ஒருத்தராவது இருக்கட்டும்" என்று அண்ணை அவரிடம் சொல்லியிருக்கிறார். மரம் அடையாளம் காண்பவள் என்று எழுதி ஒரு கடிதம் தந்தார்கள். குடிவரவு அலுவலகத்துக்கு நாலைந்து தடவை நடந்த பிறகு, ஒருவழியாக அனுமதியை நீட்டித்துத் தந்தார்கள். காகிதத்தில்தான் அடையாளம் காண்பவள். நாள் முழுக்கச் செய்தது வெட்டிய கிளைகளை இழுத்து அரைக்கும் இயந்திரத்துக்குப் போடுவது. இரண்டு வருடம் செய்தேன். முதல் மாதம் இரவுச் சாப்பாட்டில் கரண்டியைப் பிடிக்கக் கை மடங்காது. பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்ததைவிட அந்த இரண்டு வருடத்தில் மரம் அதிகம் தெரிந்தது. எது கையைக் கறுக்க வைக்கும், எது சங்கிலியில் சுற்றும், எது வெட்டிய மறுவாரமே அடியிலிருந்து முளைக்கும் என்பதெல்லாம் அங்கே கற்றதுதான். பின்னாளில் நான் செய்த பெரிய வேலைகளைப் பற்றி உங்கள் கையேட்டில் இருக்கிறது. இதைப் பற்றி இல்லை.

அந்த வருட வசந்தத்திலேயே எங்கள் குழுவுக்கு அதே பள்ளத்தில் வேலை வந்தது. மேட்டுப் பச்சை ஓக்குகளை எடுக்க வேண்டும். வரைபடம் என்னுடையது, கையெழுத்து வேறொருவருடையது. கரையில் மூன்று ஓக் விழுந்த இடத்தில், நான் கூட்டத்தில் சொன்னபடியே, களை பாய் விரித்ததுபோல் படர்ந்திருந்தது. நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று சந்தோஷப்பட முடியவில்லை. அந்த வெளிச்சத்தைத் திறந்துவிட்டதும் நான்தான்.

இரண்டாம் நாள் சாப்பாட்டுப் பெட்டியை வீட்டில் மறந்து வந்துவிட்டேன். மதியம் பார்த்தால், கணவர் பஸ் பிடித்து, சேற்றுப் பாதையில் காலில் நல்ல சப்பாத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருகிறார். அந்தப் பள்ளத்துக்கு அவர் வருவது அதுவே முதல் தடவை. பெட்டியைத் தந்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"எது அந்த மரம்?"

ஓடைக் கரைக்குக் கூட்டிப்போனேன். ரிப்பன்வுட் அப்போது புது இலை விட்டிருந்தது. அழகான மரம் என்று சொல்ல மாட்டேன். சிறிய இலை, இலை நடுவே பூ என்று சொல்லவே கூச்சப்படுகிற மாதிரி வெளிறிய மஞ்சளில் பொடிப் பொடியாகப் பூ. அடிமரத்தில் செம்மஞ்சள் வளையத்தின் மிச்சம் இன்னும் தெரிந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு அடியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். காலையிலிருந்து பச்சை ஓக் இழுத்த கை, மணிக்கட்டு வரை கறுத்திருந்தது.

"இதுக்கோ?" என்றார்.

"ஓம். இதுக்குத்தான்."

அவர் கரை நெடுக மெதுவாக நடந்து, ஒவ்வொரு மரமாகப் பார்த்து, பதினொன்றையும் தானே எண்ணிவிட்டு வந்தார். பிறகு என் கையிலிருந்து பெட்டியை வாங்கி, மூடியைத் திறந்து, "கை கழுவினாலும் இது போகாது போல கிடக்கு, நான் தீத்திவிடுறன்" என்று ஒரு வாய் உணவை என் முன் நீட்டினார்.

குழுவினர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.